கொழும்பு என்ற சொல்லில் எத்தனை எழுத்துகள்?

ஆறாம் தரத்துப் பிள்ளையிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் கொ, ழு, ம், பு என்று விரல் மடக்கி நான்கு என்பாள். உயர்தர வகுப்பு மாணவி பைதன் மொழியில் அதே சொல்லின் நீளத்தைக் கேட்டால் கணினி எட்டு என்கிறது. அந்தச் சொல்லை மட்டும் ஒரு கோப்பில் எழுதிச் சேமித்துவிட்டுக் கோப்பின் அளவைப் பார்த்தால் 24 பைட் இருக்கும். மூன்றும் சரியான விடைகளே. நான்காவதாக ஒரு விடையும் உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் கோப்புகளைக் கையாளுதல் என்ற பகுதிக்கு வரும்போது ஒவ்வொரு வருடமும் நான் இந்தச் சொல்லைத்தான் கரும்பலகையில் எழுதுகிறேன். கோப்பு ஒன்றை ஒவ்வோர் எழுத்தாக வாசிப்பது மிக இலகுவான வேலை என்று மாணவிகள் நினைக்கிறார்கள். "எழுத்து" என்றால் என்னவென்று தெரிந்தால்தான் அது இலகு. தெரியாமல் எழுதிய செய்நிரலின் விளைவு பெற்றோருக்கும் பழக்கமானதே. ஒரு நிகழ்ச்சிக்காக வெளியே ஓரிடத்தில் பெயரட்டைகளை அச்சிட்டு எடுத்தபோது நுஸ்ரத் என்ற பிள்ளை "நுஸ்ரத" ஆகியிருந்தாள். பாத்திமா ஒருத்தி "பாத்திம" ஆகியிருந்தாள். பிள்ளைகள் சிரித்தார்கள். அந்த அட்டையை நெஞ்சில் குத்திக்கொண்டு நாள் முழுக்க நிற்க வேண்டியவள் சிரிக்கவில்லை.

முதலில் கோப்பு என்பது என்ன என்று பார்ப்போம். திரையில் நாம் காண்பது பத்தி, வரி, அட்டவணை. வட்டில் இருப்பதோ 0 இலிருந்து 255 வரையான எண்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் ஒரு நீண்ட வரிசை. ஒவ்வோர் எண்ணும் ஒரு பைட். அதில் வரி என்று தனியாக எதுவும் இல்லை; 10 என்ற எண் வந்தால் "இங்கே வரி முடிகிறது" என்று நாம் உடன்பட்டிருக்கிறோம், அவ்வளவுதான். 44 என்றால் காற்புள்ளி. 34 என்றால் இரட்டை மேற்கோள் குறி. செய்நிரல் அந்த வரிசையின் மேல் ஒரு சுட்டுவிரலை வைத்து, ஒன்றை எடுத்து, விரலை ஓரிடம் நகர்த்தி, அடுத்ததை எடுக்கிறது.

பிரையன் கேர்னிகன், டெனிஸ் ரிச்சி இருவரும் சி மொழிக்கு எழுதிய பாடநூல் 1978 இல் வெளிவந்தது. அதன் முதல் அத்தியாயத்திலேயே இந்த முறை கற்பிக்கப்படுகிறது: ஒரு வரியுருவை வாசி, எழுது, அடுத்ததை வாசி. அதே அத்தியாயத்தில் சொற்களை எண்ணும் சிறிய செய்நிரல் ஒன்று உண்டு. அது முழுச் சொல்லையும் எங்கும் சேமிப்பதில்லை. "நான் இப்போது ஒரு சொல்லுக்கு உள்ளே இருக்கிறேனா, வெளியே இருக்கிறேனா" என்பதை மட்டும் ஒரே ஒரு மாறியில் வைத்துக்கொள்கிறது. கோப்பு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அது கையில் வைத்திருப்பது ஒரு வரியுருவும் ஒரு நினைவும்தான். இந்த முறையின் அழகு அந்த நினைவில் இருக்கிறது. அதற்கு "நிலை" என்று பெயர்.

நிலை ஏன் தேவை என்பதற்கு எங்கள் மாணவிகளின் விலாசங்களை விட நல்ல உதாரணம் கிடையாது. பெயர், தரம், விலாசம், தொலைபேசி என்று நான்கு நிரல்கள் உள்ள பட்டியல் ஒன்றைக் காற்புள்ளியால் பிரித்துச் சேமிக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்புள்ளி வந்தால் புதிய நிரல் என்று மட்டும் தெரிந்த செய்நிரல் வெள்ளவத்தைப் பிள்ளையின் வரிக்கு வருகிறது. அவளுடைய விலாசம்: மூன்றாம் மாடி, காலி வீதி, கொழும்பு 06. விலாசத்துக்குள்ளேயே இரண்டு காற்புள்ளிகள். நான்காக இருக்க வேண்டிய வரி ஆறாக உடைகிறது. தொலைபேசி இலக்கம் இருக்க வேண்டிய நிரலில் "காலி வீதி" வந்து உட்காருகிறது. கொட்டாஞ்சேனைப் பிள்ளை "ஜம்பட்டா வீதி, கொழும்பு 13" என்று எழுதியிருந்தால் ஐந்தாக உடைகிறது. பாடசாலை அன்று நேரத்தோடு விடுகிறது என்ற குறுஞ்செய்தி இந்த இரு வீடுகளுக்கும் போகாது. பிள்ளை வாசலில் நிற்பாள்.

இதற்கு உலகம் கண்டுபிடித்த தீர்வு எளியது: காற்புள்ளி உள்ள விலாசத்தை இரட்டை மேற்கோள் குறிகளுக்குள் வை. 2005 இல் இந்த வழக்கத்தை ஒரு பொது ஆவணமாகவும் எழுதி வைத்தார்கள். இப்போது செய்நிரலுக்கு ஒரு நினைவு வேண்டும். 34 வந்தால் "மேற்கோளுக்கு உள்ளே" என்று குறித்துக்கொள். மறுபடி 34 வந்தால் "வெளியே". 44 வரும்போது வெளியே இருந்தால் நிரல் முடிந்தது. உள்ளே இருந்தால் அது விலாசத்தின் ஒரு பகுதி. 10 க்கும் இதே விதி. ஒரே எண், இரண்டு பொருள். எது பொருந்தும் என்பதை அந்த எண் சொல்லாது, முன்னால் வந்தவைதான் சொல்லும்.

சோதிக்க வேண்டிய இடம் ஒன்று: மூடும் மேற்கோளை யாராவது தட்டச்சு செய்ய மறந்தால் என்ன ஆகும்? செய்நிரல் "உள்ளே" என்ற நிலையிலேயே தங்கி, அடுத்த மேற்கோள் குறி வரும்வரை உள்ள எல்லாவற்றையும், அப்படி ஒன்று வராவிட்டால் மிச்சமுள்ள முழுப் பட்டியலையும், ஒரு பிள்ளையின் விலாசமாக விழுங்கிவிடும். கோப்பு முடியும்போது நிலை "உள்ளே" என்றிருந்தால் எச்சரிக்கை கொடு என்ற ஒரு வரியை எழுதாமல் இந்தச் செய்நிரலை யாரும் ஒப்படைக்கக் கூடாது. விலாசத்துக்குள்ளேயே மேற்கோள் குறி வர வேண்டுமானால் அதை இரட்டிப்பாக எழுத வேண்டும் என்பது இன்னொரு விதி. அப்படியானால் உள்ளே இருக்கும்போது 34 ஐக் கண்டவுடன் நாம் முடிவெடுக்க முடியாது. அடுத்தது என்ன என்று எட்டிப் பார்க்க வேண்டும். அதுவும் 34 என்றால் அது வெறும் குறி, வேறெது என்றாலும் மேற்கோள் மூடப்பட்டது. பின்னால் வந்ததை நினைவில் வைப்பது ஒன்று, முன்னால் வரப்போவதை எட்டிப் பார்ப்பது ஒன்று. இந்த இரண்டும் கையில் இருந்தால் தமிழுக்குப் போகலாம்.

ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் ஒரு பைட்டில் அடங்கிவிடும். தமிழுக்கு யுனிகோட் முறையில் 2944 இலிருந்து 3071 வரை 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. க என்பதன் குறியெண் 2965. ஒரு பைட்டில் 255 ஐத் தாண்ட முடியாது என்பதால் 2965 ஐ மூன்று பைட்களாகப் பிரித்து எழுதுகிறார்கள்: 224, 174, 149. இப்படிப் பிரிக்கும் யூ.டி.எப்-8 என்ற முறையை கென் தொம்சனும் ரொப் பைக்கும் 1992 இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஓர் உணவகத்தில் இருந்தபோது உருவாக்கினார்கள். மேசையில் தட்டுக்குக் கீழே விரிக்கும் தாளில்தான் முதலில் எழுதப்பட்டதாம். அதன் சிறப்பு என்னவென்றால், வரிசையின் நடுவில் எங்கே கையை வைத்தாலும் வழி தெரியும். 128 க்குக் குறைந்த எண் தனியாள். 224 இலிருந்து 239 வரையான எண் "என்னையும் சேர்த்து மூவர்" என்கிறது. 128 இலிருந்து 191 வரையான எண் "நான் தொடர்ச்சி, என் தலைவர் எனக்கு முன்னால்" என்கிறது.

இந்த மூவரைச் சேர்க்காமல் ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாகக் காட்டும் செய்நிரல்கள் இன்னும் உண்டு. தமிழில் வந்த மின்னஞ்சலைத் திறந்தால், மேலே சாய்கோடு போட்ட ஆங்கில ஏ எழுத்தும், வட்டத்துக்குள் ஆர் எழுத்துள்ள வணிகப் பதிவுக் குறியும் மாறிமாறி வரும் வரிகளைக் கண்டிருப்பீர்கள். ஏ தான் 224. வட்டத்துக்குள் ஆர் தான் 174. கோப்பு கெட்டுப்போகவில்லை, வாசித்த விதம்தான் பிழை. இதை அறியாமல் கோப்பை அழித்துவிட்டு முதலிலிருந்து தட்டச்சு செய்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மூன்று மூன்றாகச் சேர்த்தால் கொழும்பு 24 இலிருந்து எட்டாகிறது. எட்டு எங்கிருந்து வந்தது? இங்கே நம் இலக்கணத்தை ஒரு நிமிடம் நினைவுபடுத்துங்கள். உயிர் 12 உம் மெய் 18 உம் முதலெழுத்துகள். க் என்ற மெய்யோடு அ என்ற உயிர் சேர்ந்து க என்ற உயிர்மெய் பிறக்கிறது. நன்னூல் உயிர்மெய்யைச் சார்பெழுத்துகளில் வைக்கிறது. யுனிகோட் இதைத் தலைகீழாகச் செய்கிறது. அங்கே க தான் அடிப்படை. அதோடு 3021 என்ற புள்ளியைச் சேர்த்தால் க் வரும். ஆகவே நமக்குக் கூட்டெழுத்தான ம அங்கே ஒரு குறியெண். நமக்கு முதலெழுத்தான ம் அங்கே இரண்டு. கொ என்பது க வும் 3018 என்ற குறியும். ழு, ம், பு ஒவ்வொன்றும் இரண்டு. மொத்தம் எட்டு. (பெற்றோருக்கு ஒரு சிறு குறிப்பு: ஆங்கிலக் குறுஞ்செய்தியில் 160 இடங்கள் இருக்க, தமிழில் ஓர் எழுத்துச் சேர்ந்தாலும் அது 70 ஆகிவிடுகிறது. அந்த 70 ஐயும் இப்படித்தான் எண்ணுகிறார்கள். கொழும்பு என்று எழுதினால் எட்டு போய்விடும்.)

இப்போது நுஸ்ரத்தின் பெயரட்டைக்கு வருவோம். நு, ஸ், ர, த் என நான்கு எழுத்துகள், குறியெண்கள் ஏழு. ஆறோடு நிறுத்து என்று எழுதப்பட்ட செய்நிரல் கடைசியில் நின்ற புள்ளியை வெட்டிவிட்டது. பாத்திமாவுக்கு எட்டு, ஏழோடு நிறுத்தினால் கால் போய்விடும். எத்தனை எழுத்தோடு நிறுத்துவது என்பதல்ல இங்கே பிரச்சினை. எழுத்து எங்கே முடிகிறது என்று அந்தச் செய்நிரலுக்குத் தெரியாததுதான்.

எங்கே முடிகிறது? க வை வாசித்தாயிற்று. எழுத்து முடிந்ததா? தெரியாது. அடுத்து கால் வந்தால் கா, புள்ளி வந்தால் க், வேறோர் எழுத்து வந்தால்தான் அது வெறும் க. ஓர் எழுத்து முடிந்துவிட்டது என்பதை அடுத்த எழுத்து தொடங்கும்போதுதான் அறிய முடியும். வகுப்பில் நான் எழுதிக் காட்டும் போலிக்குறிமுறை இதுதான்:

கை = வெறுமை
கோப்பு முடியும்வரை திரும்பத் திரும்ப:
ஒரு குறியெண்ணை வாசி
அது 3006 முதல் 3021 வரை, அல்லது 3031 என்றால்: கையில் உள்ளதோடு ஒட்டு
இல்லையென்றால்: கையில் உள்ளதை வெளியே கொடு, புதியதைக் கையில் எடு
முடிந்த பின்: கையில் உள்ளதை வெளியே கொடு

அந்த 3006 முதல் 3021 வரை இருப்பவை கால், கொம்பு, சுழி, புள்ளி முதலிய ஒட்டும் குறிகள்; இடையில் சில வெற்றிடங்களும் உண்டு. கடைசி வரியை ஒவ்வொரு வருடமும் பாதி வகுப்பு விட்டுவிடும். விட்டால் கோப்பின் கடைசி எழுத்து கையிலேயே தங்கிவிடும். கொழும்பு "கொழும்" ஆகும். அரபு ஓதப் பழகிய பிள்ளைகளுக்கு இந்த முறை விளங்குவதற்கு அதிக நேரம் எடுப்பதில்லை. எழுத்தைப் பார்த்து, அதன் மேலும் கீழும் உள்ள குறியைப் பார்த்து, பிறகே வாயைத் திறப்பது அவர்களுக்குச் சிறு வயதுப் பழக்கம். கணினியில் அரபு உயிர்க்குறிகளும் எழுத்துக்குப் பின்னால் தனிக் குறியெண்களாகவே நிற்கின்றன.

செய்நிரல் சரியா என்று பார்க்க "விகடகவி" என்ற சொல்லைக் கொடுங்கள். திருப்பி வாசித்தாலும் அதே சொல். ஆனால் பைதனில் சரத்தை அப்படியே தலைகீழாக்கினால் ஏழு குறியெண்களும் புரண்டு, முன்னால் ஒரு விசிறி தனியே தொங்கும். இரண்டும் ஒன்றல்ல என்று கணினி சொல்லும். மேலே உள்ள முறைப்படி ஐந்து எழுத்துகளாகச் சேர்த்த பிறகு புரட்டினால் ஒன்று என்று சொல்லும். இந்த வேலைக்கு ஆயத்தமான கருவிகளும் உண்டு. எழில் என்ற தமிழ் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலையும் அவரது நண்பர்களும் பைதனுக்கு ஓப்பன்-தமிழ் என்ற நிரற்றொகுப்பை இலவசமாக வெளியிட்டிருக்கிறார்கள். ஆனாலும் ஒரு முறையாவது சொந்தமாக எழுதிய பிறகே அதைத் தொட வேண்டும் என்பது என் பிடிவாதம்.

மேலே உள்ள முறைக்கும் அடங்காதவை இருக்கின்றன. ஸ்ரீ நமக்கு ஓர் எழுத்து. இந்த முறை அதை ஸ், ரீ என்று இரண்டாகக் கொடுக்கும். க்ஷ வும் அப்படியே. கொ வைக் கூட இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: க வோடு 3018, அல்லது க வோடு 3014 உம் 3006 உம். திரையில் வித்தியாசம் தெரியாது. தேடினால் ஒன்றைத் தேடும்போது மற்றது அகப்படாது. வாசித்தவுடன் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளும் வசதி பைதனிலேயே இருக்கிறது. ஒரு வரி போதும்.

நான்காவது விடையைச் சொல்ல மறக்கவில்லை. ஏழு. இலங்கையில் யுனிகோட் பரவுவதற்கு முன்னால் நாம் எல்லோரும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தோம். அச்சகங்கள் பலவற்றில் இன்றும் அதுதான். அந்தக் கோப்பில் இருப்பவை உண்மையில் ஆங்கில எழுத்துகள். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உடுப்புப் போடுகிறது. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழ் என்ற சொல் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று நிற்கும். பழைய சஞ்சிகைக் கோப்புகளைத் திறந்து, ஏதோ வைரஸ் என்று பயந்த பிள்ளைகள் உண்டு. அந்தக் கோப்புகளில் நம் மூத்த மாணவிகளின் கவிதைகளும் கதைகளும் இருக்கின்றன. அவற்றை யுனிகோட்டுக்கு மாற்றாவிட்டால் எந்தத் தேடலிலும் அவை அகப்படமாட்டா.

பாமினியில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கில் நிற்கின்றன. கொ என்பதற்கு முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். யுனிகோட்டிலோ க முதலில். ஆகவே மாற்றும் செய்நிரல் கொம்பைக் கண்டதும் அதை எழுதாமல் கையில் வைத்திருக்க வேண்டும். க வரும்வரை பொறுக்க வேண்டும். க வந்த பிறகும், கால் வருகிறதா என்று எட்டிப் பார்த்தே அது கெ யா கொ வா என்று தீர்மானிக்க வேண்டும். மேற்கோள் குறிக்குச் செய்த அதே இரண்டு வேலைகள்.

கடினமான இடம் ஔகாரம். பாமினியில் ஔகாரக் குறியின் பின்பாதிக்கும் ளகரத்துக்கும் ஒரே விசைதான். அந்தப் பழக்கம் விரலில் ஊறிப்போய், இன்று யுனிகோட்டில் அடிப்பவர்களும் மௌலவி என்பதை மெ, ள, ல, வி என்று அடிக்கிறார்கள். கண்ணுக்கு ஒன்றுதான். பௌசியா என்ற பிள்ளை பட்டியலில் மூன்றெழுத்துக்காரியாக ஓரிடத்திலும் நான்கெழுத்துக்காரியாக வேறோரிடத்திலும் இருப்பாள். பரீட்சைப் புள்ளிகளைப் பெயர்களோடு பொருத்தும்போது அவளுக்கு நேரே வெற்றிடம் வரும்.

கொம்புள்ள எழுத்துக்குப் பின்னால் ள வந்தால் எல்லாவற்றையும் ஔகாரமாக மாற்று என்று ஒரு மாணவி எழுதினாள். நல்ல யோசனைதான். ஆனால் ஓட்டிப் பார்த்தபோது, வகுப்பில் பாதிப் பேர் வசிக்கும் இடத்தின் பெயரையே அது உடைத்துவிட்டது. வெள்ளவத்தையில் வெ க்குப் பின்னால் வருவதும் ள தானே. அதன் புள்ளி அநாதையாக நின்றது. தெளிவு தெளிவில்லாமல் போயிற்று.

அவளும் அவளது தோழிகளும் இரண்டு பாடவேளைகள் அதோடு மல்லுக்கட்டிக் கண்ட விதி இது: ள வைக் கண்டதும் நிற்காதே, இன்னும் ஒரு குறியெண் தள்ளிப் பார். அங்கே புள்ளியோ உயிர்க்குறியோ ஒட்டியிருந்தால் அது உண்மையான ளகரம், தொடாதே. ஒன்றும் ஒட்டாமல் இருந்தால் அது ஔகாரமாக இருக்கக் கூடும். அப்போதும் தானாக மாற்றாமல் பட்டியலிட்டு மனிதரிடம் காட்டு. பெயர் என்றால் பிள்ளையிடமே காட்டு.

பயிற்சி: பௌசியா, வௌவால், மௌலவி ஆகிய சொற்களை இரு விதமாகவும் தட்டச்சு செய்து, வெள்ளவத்தை, தெளிவு, கெளிறு ஆகியவற்றோடு ஒரே கோப்பில் சேமியுங்கள். உங்கள் செய்நிரல் மூன்றை மட்டும் சந்தேகப் பட்டியலில் காட்ட வேண்டும். நான்கு காட்டினால், எட்டிப் பார்க்கும் வரியைத் திரும்பவும் வாசியுங்கள்.